சீராக வந்த வெங்காயம்

மார்கழி, கடைசி வியாழன்

வெங்காய ஏற்றுமதித் தடையை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கே விலை ஏறிவிட்டது. துவாக்குடியில் மெஸ் நடத்துகிற நான் என்ன செய்வேன்? ஆம்லெட்டுக்கு வெங்காயத்தோடு பாதிக்குப் பாதி முட்டைக்கோஸ் கலந்தேன். நாள் முழுக்க அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

மாலையில் துறையூரிலிருந்து அண்ணன் பொங்கல் சீரோடு வந்தார். தடை இருந்தவரை இதே அரசாங்கத்தைத் திட்டியவர் அவர். அவர் வயலில் விளைந்த வெங்காயத்தை இலங்கைக்கு அனுப்ப முடியாமல் போனது. அங்கே வாங்கியவர்கள் வேறு நாட்டைத் தேடிப் போய்விட்டார்கள். இன்று முகமெல்லாம் சிரிப்பு.

“போன ஆளுங்க இப்பதான் திரும்பக் கேக்குறாங்க. நீ ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“உங்களுக்கு நல்லதுன்னா எனக்குக் கஷ்டம்ண்ணே. கவர்மென்ட் யாரு பேச்சைத்தான் கேக்கும்?”

ஒரே வயிற்றில் பிறந்த எங்கள் இருவரையே சேர்த்துத் திருப்திப்படுத்த முடியவில்லை. டெல்லியில் இருப்பவர்கள் மேல் முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

கரும்பு, மஞ்சள், புடவை எல்லாம் உள்ளே வந்த பிறகு, ஆட்டோவில் மிச்சமிருந்த மூட்டையை அண்ணனே இறக்கினார். சின்ன வெங்காயம்.

“சீருக்கு எந்தக் கவர்மென்ட்டும் தடை போட முடியாது” என்றார்.

மீந்த முட்டைக்கோஸை நாளைக்குக் கூட்டு வைத்துவிட வேண்டும்.