தெற்கே வழியும் பால்

அரியலூர்,
வியாழன்

அன்பு முத்தமிழுக்கு,

அப்பா இருந்திருந்தால் இந்தப் பிடிவாதம் பிடித்திருப்பீர்களா என்று போனில் கேட்டாயே, நடந்ததை முழுசாகப் படித்துவிட்டு நீயே சொல். கழுத்து வலியைத் தவிர நான் நன்றாக இருக்கிறேன். நீயும் கிளாஸ்கோ குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

பானுப்ரியாவின் பெரம்பலூர் புது வீட்டில் நாளை விடிகாலை பால் காய்ச்சுகிறார்கள். உன் சித்தப்பா மகள் வாய்விட்டுக் கேட்டாள் என்றுதான் அவளுடைய சமையலறையையே ஒரு பெட்டிக்குள் செய்தேன், ஓரடிக்கு ஓரங்குலம் என்ற கணக்கில். கறுப்பு மேடை வார்னிஷ் பூசிய அட்டை, அடுப்பு தகரத்தில் வெட்டியது, பானை ஒரு பழைய பித்தளைக் குமிழ். பொங்கி வழிகிற பால்தான் என்னைப் படுத்தியது. வெறும் பசையை விட்டால் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி ஆகி, பானையில் தண்ணீர் பொங்குவது போலிருந்தது. வெள்ளைச் சாயம் கலந்து, ஊசிமுனையால் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது என்று நுரையைக் கொண்டுவந்தேன். தெற்குச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் பெட்டிக்குக் கண்ணாடி. அந்தப் பக்கம் வழிந்தால்தானே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும், அதனால் பாலை அங்கேயே வழிய விட்டேன்.

படத்தை அனுப்பியதும் உன் சித்தி மேகலா கூப்பிட்டாள். ‘என்னக்கா, கெழக்கால பொங்குனாதானே நல்லது, தெக்கால பொங்க வச்சிருக்கீங்களே, வூடு வெளங்குமா?’ என்றாள். அடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பால் போகும் என்றேன். ‘ஒங்க ஃபிசிக்ஸ காலேஜோட வச்சுக்குங்க’ என்று சிரித்தவள், குரலைத் தாழ்த்தி, ‘என் தம்பி அருள்முருகன அனுப்புறேன், பெட்டிய குடுத்து உட்டுடுங்க. நீங்க சாப்பாட்டு நேரத்துக்கு நிதானமா வந்தா போதும்’ என்றாள். புரிந்துவிட்டது. தாலி இல்லாதவள் பால் பொங்கும்போது அடுப்பருகே நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பா போன பிறகு நம் சொந்தத்தில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் என்னைச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். இனி அந்த நேரத்துக்குப் போக மாட்டேன். பாலையும் திருத்தப் போவதில்லை. முதல் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். நான் நிற்கக் கூடாதென்றால் அதைப் பானு என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், பெட்டியோடு திரும்பிவிடுகிறேன்.

நீ அவளுக்கு போன் செய்து சிபாரிசு எதுவும் பண்ணாதே, இது என் சண்டை. ராத்திரியில் நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உனக்கு நல்ல வேலையும் நல்ல தூக்கமும் அமையட்டும். கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், இந்த மாதமாவது போ.

அம்மா
வெற்றிச்செல்வி

வெள்ளி, மாலை

கவரை ஒட்டுமுன் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வாசலிலேயே மேகலா ‘கனமா இருக்கும், குடுங்கக்கா’ என்று பெட்டியை வாங்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறை அலமாரியில் வைத்துவிட்டாள். நான் போய் எடுத்துவந்து மேடைமேல், அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பானு பாலை ஏற்றிவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். ‘ஏய், லைட்டர்கூட இருக்குடி’, ‘தள்ளு, மறைக்காத’ என்று தலைகள் முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நிஜப் பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. ‘எந்தப் பக்கம் பொங்குச்சு, யாராச்சும் பாத்தீங்களாடி?’ என்று மேகலா கத்தினாள். ஒருவரும் பார்க்கவில்லை. மேடை முழுக்கப் பால். பானு துடைத்துவிட்டு லைட்டரை எடுத்து, தன் அம்மா மேகலாவைத் தாண்டி என்னிடம் நீட்டினாள். ‘பெரியம்மா, நீங்க பத்த வைங்க’ என்றாள். மேகலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் பற்ற வைத்துவிட்டேன்.