கரடி மேல் பஞ்சு

2.5.1994, திங்கள்

கத்திரி இன்னும் பிறக்கவேயில்லை, அதற்குள் மாடி அறை வெந்து கிடக்கிறது. ஃபேன் போடக் கூடாது, பெயின்ட் காய்ந்துவிடும். ஜன்னலைத் திறக்கக் கூடாது, கீழே பேண்டேஜ் தறி ஓடுகிறது, பஞ்சு ஏறி வந்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அடைத்தாலும்தான் வருகிறது! அமெரிக்காக் கார்ட்டூன் கரடிக்கு ராஜபாளையத்தில் நீலம் பூசுகிறோம். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட், முன்பக்கம் கோடு, பின்பக்கம் பெயின்ட். அந்தச் சனியன் ஓர் எட்டு எடுத்து வைக்க எம்புட்டு ஷீட்!

பொங்கலிலிருந்து நான் செக்கிங். விளக்குப் பெட்டி மேல் வைத்துப் பார்த்து, பழுதென்றால் ஷீட் போட்ட உறையில் சிவப்புப் பெருக்கல் குறி. பெருக்கல் விழுந்தால் பூசினவளுக்குக் கூலி கிடையாது. 'ஒரு இழை பஞ்சு இருந்தாலும் தள்ளுபடி' என்று முதலாளி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. ஊசி முனையால் எடுத்தவரை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கண்டும் காணாமல் விடுவேன். கரடி மேலே ஒரு மயிர் கூடினால் யாருக்குத் தெரியப் போகிறது?

4.5.1994

ஷீட் பூசுகிற ஞானபாக்கியம் முதலாளிக்கு மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறாள். பெயின்ட் அடிக்கிற நேரம் தறியை நிறுத்த வேண்டும், பஞ்சுக்காகக் கூலி பிடிக்கக் கூடாது. "நீயும் போடு, செல்லக்கனி."

தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். என்னை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே அவள்தான். ஆனால் கீழே மூணாவது தறி என் வீட்டுக்காரர் ஓட்டுவது. "தறியை நிறுத்துன்னா எம் புருசனை நிறுத்துன்னு அர்த்தம், பாக்கியம்" என்றேன். அவள் பேப்பரை மடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

6.5.1994, வெள்ளி

படிக்கட்டில் முதலாளி வைகுண்டராஜ் என்னை நிறுத்தினார். சிரிப்பு வேறு.

"ஏம்மா, அந்த ஞானபாக்கியம் ஷீட்ல பஞ்சு நெறைய வருதாமே. வாரம் பூரா தள்ளுபடின்னா ஆளை அனுப்பிரலாம்லா. நீ பாத்து எழுது."

"எல்லார் ஷீட்லயும் வருது மொதலாளி."

"தவசிமுத்து நல்லாத்தான் தறி ஓட்டுதான்" என்றார். அவ்வளவுதான். படி இறங்கிப் போய்விட்டார்.

நான் பேசியது கரடியைப் பற்றி. அவர் பேசியது என் புருசனைப் பற்றி.

7.5.1994

வீட்டில் சொன்னேன். "ஏட்டி, ஊரான் வம்பு நமக்கு எதுக்கு? சொன்னதை எழுதிட்டு வாயேன்" என்கிறார். அவருக்கென்ன, பெருக்கல் குறி போடுகிற கை அவருடையதா?

9.5.1994, திங்கள்

போட்டேன்.

ஞானபாக்கியத்தின் ஷீட் அத்தனைக்கும். பொய்யில்லை, பஞ்சு இருந்தது. பக்கத்து மேஜைக்காரி ஷீட்டிலும் இருந்தது, அதை விட்டுவிட்டேன். சாயங்காலம் ஞானபாக்கியம் தன் ஷீட்டுகளை வாங்கிப் பார்த்தாள். "பஞ்சுதானே? சரி" என்று கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

என்ன பிறவி நான்? தவசிமுத்து முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. இந்த மனுசனுக்காகத்தானே போட்டேன், பின்னே ஏன் இவர் மேலே எரிச்சல் வருது?

10.5.1994

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதி ஆற்றிக்கொள்கிறேன்.

இன்றைக்கு எல்லோர் ஷீட்டையும் நோட்டீஸ் சொல்கிறபடியே பார்த்தேன். ஊசியைத் தொடவில்லை. ஒரு இழை என்றாலும் பெருக்கல். முன் மேஜை பரிபூரணம், முதலாளியின் அக்கா மகள், அவளுக்கும் பெருக்கல். மத்தியானத்துக்குள் பெண்கள் என்னை ஏசாத ஏச்சில்லை. "மொதலாளிக்குக் கூஜா தூக்குறியாட்டி?" என்று ஒருத்தி உறையை என் மூஞ்சியில் எறிந்தாள். பட்டது, வலித்தது. அடுத்த உறையை எடுத்தேன். ஞானபாக்கியம் மட்டும் என் மேஜையில் குவிகிற பெருக்கல் உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டாள். "பூசுனாலும் கூலியில்ல, பூசாட்டாலும் இல்ல. என்னத்துக்குப் பூசணும்? எந்திரிங்க."

அம்புட்டுப் பேரும் எழுந்தார்கள். பரிபூரணமும்தான்!

அன்றைக்கு மெட்ராஸ் கம்பெனிக்குப் போக வேண்டிய ஷீட் பெட்டி காலி. முதலாளி ஓடி வந்தார். "என்ன பண்ணி வச்சிருக்க?"

"நீங்க ஒட்டின நோட்டீஸ்தான் மொதலாளி. படிச்சுப் படிச்சுப் பாத்தேன்."

இந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

11.5.1994

தவசிமுத்துவைத் தறிக்கு விடவில்லை. வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் வீட்டில். சோற்றைப் போட்டுவிட்டு நான் திண்ணைக்குப் போய்விட்டேன்.

13.5.1994

நேற்றிலிருந்து பூசாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறோம் எல்லோரும். ஞானபாக்கியம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு சொம்பை என்னிடம் நீட்டினாள். "எம் பேருக்கு மட்டும் பெருக்கல் போட்டியே அன்னைக்கு, அதை மறக்க மாட்டேன்" என்றாள். மறக்காதே என்றேன். வாங்கிக் குடித்தேன்.

தறிக்காரர்களும் கீழே பேசிக்கொள்கிறார்கள். வெளியே நிற்கிற ஒருத்தனைச் சேர்க்காமல் அவர்களும் ஓட்ட மாட்டார்களாம். இதை வந்து சொன்னது என் வீட்டுக்காரர்தான், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல்.

16.5.1994, திங்கள்

மெட்ராஸிலிருந்து போன் மேல் போன். முதலாளி இறங்கி வந்தார். பஞ்சுக்குக் கூலி பிடிப்பதில்லை. பகலில் தறி ஓடாது. ஒருத்தரையும் நிறுத்த மாட்டார்.

என்னைச் செக்கிங்கிலிருந்து எடுத்துவிட்டார். சந்தோசம். பிரஷ் பிடித்து எத்தனை நாளாச்சு!

தறி இனி ராத்திரிதான்.

"ஒங்க கரடி மேல தூசி படக்கூடாது. எனக்குத் தூக்கம் போனா ஒண்ணுமில்ல, என்ன?" என்றார் தவசிமுத்து. நியாயம்தானே.

6.6.1994

காலையில் நான் கிளம்புகிறேன், அவர் தறியிலிருந்து வருகிறார். இப்போதெல்லாம் வாசற்படியில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வது. தலை, மீசை, இமை எல்லாம் பஞ்சு. அலுத்துப்போய் என் தோளில் சாய வந்தார்.

"கிட்ட வராதீங்க, சேலையில ஒட்டிரும்" என்றேன்.

அப்படியே நின்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு வந்துவிட்டேன்.