பாதி ஊசி

மார்ச் 3

சீருடைச் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்து வைத்து விரல் வீங்கிவிட்டது. கடையிலிருந்து கிளம்பும்போது தையல் மாஸ்டரிடம் வெட்டுத்துண்டு கேட்டேன். "எடுத்துக்க, குப்பைக்குப் போறதுதானே" என்றார். "போன மாசம் நீங்க தச்ச ஜாக்கெட்டும் அங்கதான் போச்சாம்" என்றேன். கத்தரிக்கோலைத் தூக்கினார். ஓடி வந்துவிட்டேன்.

கையில் இப்போது மூன்று வேலை. வாட்ச்மேன் அண்ணனுக்கு நாற்காலித் திண்டு. மருந்துக்கடைப் பெண்ணுக்கு மூக்குக்கண்ணாடி உறை. அப்புறம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் நாத்தனார் மகளின் பாப்பாவுக்கு ஒரு குட்டி மெத்தை. துண்டுகளை ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்து, மேலிருந்து அடிவரை ஓட்டுத்தையல் போட வேண்டும். மிஷினில் வராது, கையால்தான்.

நான் எல்லாருக்கும் தைத்துத் தருவதில்லை. வாங்கிப் பூட்டி வைக்கிறவர்களுக்குக் கிடையாது. அழுக்காக்குகிறவர்களுக்குத்தான். நாத்தனாருக்கு ஒருதரம் அடுப்புப் பிடிதுணி தந்தேன். இன்னும் பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குத் தங்கை, ஆனால் பார்வையில் இன்ஸ்பெக்டர். இந்த மெத்தை அவளுக்கில்லை. அவள் மகள் வாய்விட்டுக் கேட்டாள் — "அத்தை, உங்க கையால ஒண்ணு வேணும்."

மார்ச் 6

மூன்றும் முடிந்தது. தைக்கும்போது நாத்தனார் மகளோடு போனில் ஒரே அரட்டை. "பாப்பாவுக்கு மீசை முளைக்குதாமே, உங்கம்மா சொன்னா" என்று நான் விட்ட புளுகை நம்பி, போனை வைத்துவிட்டுப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தாளாம்.

மார்ச் 7

எல்லாம் கொடுத்தாயிற்று. வாட்ச்மேன் அண்ணன் உடனே போட்டு உட்கார்ந்தார். மருந்துக்கடைப் பெண் பழைய உறையைக் குப்பையில் எறிந்தாள். இன்ஸ்பெக்டர் மெத்தையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தையல் கோணலா ஓடுதே அண்ணி" என்றாள். "குழந்தை என்ன ஸ்கேல் வச்சா பாக்கப்போகுது?" என்றேன். அதற்குள் மகள் வாங்கிப் பாப்பாவைப் போட்டுவிட்டாள். அது ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மார்ச் 9

வீடு பெருக்கும்போது கட்டிலுக்கடியில் பாதி ஊசி.

காதுப் பக்கம் மட்டும். முனை இல்லை.

அன்றைக்குப் போனில் சிரித்துக்கொண்டிருந்தபோது ஊசி ஓர் இடத்தில் இறுகியது. இழுத்தேன். நூல் கையோடு வந்தது. ஊசி கீழே விழுந்திருக்கும் என்று டப்பாவிலிருந்து வேறு எடுத்துக்கொண்டேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. எதைத் தைக்கும்போது? திண்டா, உறையா, மெத்தையா? மூன்றையும் மாற்றி மாற்றித்தானே மடியில் வைத்திருந்தேன். எவ்வளவு யோசித்தும் மீசைதான் ஞாபகம் வருகிறது.

வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். இல்லை.

நாத்தனார் மகளுக்குப் போன் செய்தேன். "அந்த மெத்தைய எடுத்து வச்சிடும்மா. அதுல ஊசி உடைஞ்சு இருக்கு போல." அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "போன வாரம் மீசை, இந்த வாரம் ஊசியா? இந்தத் தடவை நான் ஏமாறமாட்டேன் அத்தை!" பின்னால் குழந்தைச் சத்தம்.

நானும் சிரித்துவிட்டேன்.

ஏன் சிரித்தேன்? ஒரு வார்த்தை — சத்தியமா சொல்றேன்னு ஒரே ஒரு வார்த்தை — வரலையே. அவள் அம்மா காதுக்குப் போனால் அந்த வாசல்படியை இனி மிதிக்க விடமாட்டாள் என்ற பயம். "சரி வை, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

மாஸ்டரிடம் காந்தம் வாங்கி வந்தேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது, கீழே சிந்தும் குண்டூசி பொறுக்க வைத்திருக்கிறார். முதலில் வாட்ச்மேன் அண்ணனிடம் போனேன். எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"ஊசி இருந்தா எனக்குத் தெரியாதா? இதுல உக்காந்தப்புறம்தாம்மா மூலமே கொஞ்சம் அடங்கியிருக்கு. கிழிக்க விடமாட்டேன்."

"கிழிக்கல அண்ணே, தடவிப் பாக்கறேன்."

"என்னையா?"

வேறு நாளென்றால் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பேன். தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்கு ஓடினேன். உறையிலும் இல்லை.

அந்த இரண்டில் இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேதான் போயிருக்கிறேன். முதலில் போக வேண்டிய வீட்டை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். என்ன பொம்பளை நான்?

மறுபடி போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கிளம்புகிறேன்.

மார்ச் 10

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பஸ் இறங்கித் தெருமுனை திரும்பும்போதே அழுகை கேட்டது. பாப்பாவின் அழுகை. வீறிட்டு, மூச்சுப் பிடித்து. ஓடினேன். உள்ளே நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறாள். "ஒரு மணி நேரமா இப்படித்தான், என்னன்னே தெரியல" என்கிறாள். மெத்தை தொட்டிலில் கிடந்தது. பிடுங்கினேன்.

"அத்தை வந்துட்டாங்க, விளையாட்டு ஆரம்பம்" என்றாள் மகள்.

"விளையாட்டு இல்லடி! குழந்தைத் துணிய அவுரு! ஊசி இருக்கு, நிஜமாவே இருக்கு!"

என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது. இரண்டு பேருமாகச் சட்டையை அவிழ்த்து முதுகு, தொடை, கை, கால் எல்லாம் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பாப்பா பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு அழுகையை நிறுத்தியது. வாயுதான்.

காந்தத்தை மெத்தைமேல் ஓட்டினேன். ஓரத்தில், துணி மடிந்து தடித்த இடத்தில், கையை வெடுக்கென்று இழுத்தது.

நாத்தனார் குழந்தையை மகளிடம் கொடுத்தாள். கத்தரி கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாக அவளே பிரித்தாள். முழுதும் பிரித்தாள். முனை பஞ்சுக்குள் இருந்தது. அதைக் காகிதத்தில் மடித்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"காலையிலயே."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். அவ சிரிச்சா. நானும் சிரிச்சிட்டேன்."

"வீட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 12

போன் இல்லை.

மார்ச் 15

வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "ஒரு வாரமா என்னை யாருமே கிண்டல் பண்ணல. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஊசிடப்பாவைத் தொடவே கை வரவில்லை. மருந்துக்கடைப் பெண் தன் அம்மாவுக்கும் ஓர் உறை கேட்டாள். இப்போது தைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 19

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். நாத்தனார். தனியாக. கையில் பை. பைக்குள் பிரித்துப் போட்ட மெத்தை. துண்டுகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டு வந்திருக்கிறாள்.

"கடையில வாங்கினதுல போட்டா கத்துது. என் புடவையில போட்டாலும் கத்துது. நாங்க யாருமே தூங்கி நாளாச்சு. இத என் கண் முன்னாடி தைங்க."

உட்கார்ந்தேன். எதிரில் அவளும் உட்கார்ந்தாள். ஒரு வரிசை முடிந்ததும் கையை நீட்டுவாள். ஊசியை வாங்கி முனையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். அடுத்த வரிசை. மறுபடி கை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். தையல் கோணிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன். எண்ணியதால் கோணியது. அவள் பார்த்தாள். சொல்லவில்லை.

பாதியில் அவளே, "வாயையும் சேர்த்துத் தச்சுட்டீங்களா அண்ணி? இந்த மௌனத்துல எனக்குத் தூக்கம் வருது" என்றாள்.

"தூங்கு. தூங்கினா உனக்கு மீசை வரைஞ்சிடுவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சிரிக்கவில்லை. ஆனால் உதட்டை மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாப்பா எழுந்துவிடும் என்று இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டாள். மெத்தையில் பாதி பாக்கி. துணியெல்லாம் இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வருகிறேன் என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து கை நீட்டினாள். கொடுத்தேன். ஊசியை மட்டும் தன் பர்ஸ் ஓரத்தில் குத்தி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.