வட்டத்துக்குள் சொன்னது

ஜூன் 3, செவ்வாய்

காலை செபத்துக்கு நாலு நிமிடம் தாமதம். மதர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதற்குக் கடிகாரத்தையே பார்த்திருக்கலாம்.

வகுப்புக்கு இன்னும் நாற்பது பக்கம் படிக்க வேண்டும். கத்தோலிக்க நிறுவனங்களில் பணிபுரிவோருக்கான உயர்நிலைத் தலைமைத்துவப் பயிற்சி. பெயரே ஒரு முழம் நீளம். பதினெட்டு மாதத்தில் பன்னிரண்டு ஓடிவிட்டது. இதை முடித்தால்தான் மதருக்குப் பிறகு நான். எழுபத்தெட்டு வயதில் அவர் ஓய்வுக்குப் போகிறார், அவர் இடத்துக்கு அனுப்பச் சபையில் வேறு கன்னியாஸ்திரிகள் இல்லை. கன்னியர் அல்லாத முதல் இயக்குநர் இந்த ஆஸ்பத்திரிக்கு நானாம். ஐம்பத்தொரு வயதில் பரீட்சை ஜுரம். மகள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

ஜூன் 11, புதன்

பாடம் எடுக்கும் ஃபாதர் இன்று செய்முறை வேலை கொடுத்தார். அவரவர் பணியிடத்தில் ஒரு செவிமடுக்கும் வட்டம் நடத்தி அறிக்கை எழுத வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுவது. யாரும் பதில் சொல்லக் கூடாது. பிறகு மௌனம். இரண்டாம் சுற்றில், மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டதை மட்டும் சொல்லலாம். வட்டத்தில் கேட்டது வட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

எளிதாகத்தான் தெரிகிறது.

ஜூன் 20, வெள்ளி

மதியம் கூட்ட அறையில் வட்டம் நடந்தது. ஒன்பது பேர். முதல் நாலு பேர் லிஃப்ட் பழுதையும் கிழிந்த படுக்கை விரிப்பையும் பற்றிப் பேசினார்கள். சரிதான், புகார்ப் பெட்டியைத்தான் வட்டமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

பிறகு ராக்கெட் பேசினாள். வலி தணிப்பு வார்டின் தலைமை நர்ஸ். நானும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் நடக்கும் வேகத்தைப் பார்த்து நான் வைத்த பெயர் பத்தொன்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"எனக்கு இப்ப நம்பிக்கை இல்லை. மகனை அடக்கம் பண்ணின நாள்லேர்ந்தே இல்லை. காலை செபத்துல உதட்டை மட்டும் அசைக்கிறேன். ஆனா சாகக் கிடக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு செபம் சொல்லச் சொன்னா, சொல்றேன். அவங்களுக்காகச் சொல்றேன். அது பொய்யான்னு எனக்குத் தெரியலை."

சலவைப் பிரிவு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் ராக்கெட் என் தோளை இடித்து, "லேசா இருக்குடி" என்றாள்.

ஜூலை 2, புதன்

அறிக்கை முடிந்தது. பத்துப் பக்கம். நடுவில் ராக்கெட் சொன்னதுதான் உயிர். பெயரை எடுத்துவிட்டு, "பத்தொன்பது ஆண்டுகளாக வலி தணிப்பு வார்டை நடத்தும் ஒருவர்" என்று போட்டிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஜூலை 15, செவ்வாய்

ஃபாதரிடமிருந்து மின்னஞ்சல். இதுவரை வந்ததிலேயே ஆழமான அறிக்கை என்னுடையதாம். பாராட்டோடு ஒரு பிரதியை மதருக்கும் அனுப்பிவிட்டாராம். தலைகால் புரியவில்லை எனக்கு. வீட்டுக்காரரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"பேரை எடுத்துட்டு முகவரியை விட்டுட்டியே. உங்க ஆஸ்பத்திரியில இந்த வார்டு எத்தனை இருக்கு?"

ஒன்று. ஒன்றே ஒன்று.

ஜூலை 16, புதன்

மதர் இன்னும் கூப்பிடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கூப்பிட்டார். அறிக்கை மேசை மேல் இருந்தது. இது அவள்தானே என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. மௌனம் காப்பது எப்படி என்று ஒரு வருஷமாகப் படிக்கிறேன் அல்லவா, நன்றாகவே காத்தேன். மதர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தது. சாகிறவர்கள் கடைசியாகப் பிடிக்கும் கை நம்பிக்கை உள்ள கையாக இருக்க வேண்டாமா என்றார். நிர்வாகக் குழுவில் பேசப்போகிறாராம்.

வட்டத்தில் கேட்டதை நான் சொல்ல மாட்டேன் மதர். இந்த ஒரு வரி போதுமே. ஏன் வரவில்லை? பயமா? இல்லை. அந்த நாற்காலி. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். எழுதவே கூசுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

ராக்கெட்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவுக்கு. உத்தரவில் நிர்வாக அதிகாரியின் கையெழுத்து வேண்டும். நிர்வாக அதிகாரி நான்தான். போட்டேன்.

அவளே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க கையெழுத்து போடணும் மேடம்?"

மேடம். நான் ஏதோ உளற ஆரம்பித்தேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவை மூடி வைத்தாள்.

"என் பையனைப் பத்தி நான் எங்கேயும் பேசினதில்லை. உங்க வட்டத்துலதான் பேசினேன். நீங்க கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அது உங்களுக்கும் தெரியும்."

தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

ஜூலை 23

என்ன காரியம் பண்ணிட்டேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் — அந்தப் பையனைத் தூக்கி வளர்த்தவ நான். ஆண்டவரே, எனக்கு எங்கேயாவது ஓடிடணும் போல இருக்கு.

ஜூலை 30, புதன்

குழுவுக்கும் ஃபாதருக்கும் கடிதம் எழுதினேன். விதியை மீறியது நான், தண்டனை அவளுக்கா? அவளை வார்டுக்கே அனுப்புங்கள், இயக்குநர் பொறுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று.

ஃபாதரின் பதில்: இப்படித் தன்னையே கேள்வி கேட்பதுதான் முதிர்ந்த தலைமையின் அடையாளம், இந்தக் கடிதத்தை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாமா?

மதர் என் தலையில் கை வைத்து, நீ விலக வேண்டாம், மனம் வருந்தியதே போதும் என்றார். இடமாற்றத்தில் மாற்றம் இல்லை. எனக்கு மன்னிப்பு, அவளுக்குக் கீழ்த்தளம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வார்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், இன்றோ நாளையோ என்று கிடக்கிறார். "அந்தம்மா எங்க, வேகமா நடக்குமே" என்று மூன்று தடவை கேட்டார். கீழே ஓடினேன். ராக்கெட் கையுறையைக் கழற்றவில்லை. "வார்டுக்குள்ள போகக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு மேடம்." வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். முதலில் ஆர்டரை மாற்றுங்கள் என்றாள். மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. போடும் அதிகாரம் மட்டும் இருந்தது.

நானே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு செபம் சொன்னேன். நம்பிக்கை உள்ள கைதான். மனுஷர் மெல்லக் கையை உருவிக்கொண்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

ராக்கெட்டின் ராஜினாமா வந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு.

டிசம்பர் 15, திங்கள்

இயக்குநராக முதல் வட்டம். அதே கூட்ட அறை, எட்டுப் பேர். எல்லாம் நல்லா இருக்கு மேடம், நன்றி என்றார் முதலாமவர். அப்படியே சுற்றி வந்தது. யாருக்கும் மூன்று நிமிடம் தேவைப்படவில்லை. லிஃப்ட்கூட நன்றாக ஓடுகிறதாம். இன்று காலை நான் படியேறித்தான் வந்தேன்.

கடைசியாக என் முறை. எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டுச் சொன்னேன்: "ஜூன்ல இந்த அறையில ஒருத்தி சொன்னதை வெளியே கொண்டுபோனது நான். அவகிட்ட கேட்காம எழுதினேன். மதர் கேட்டப்போ வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லவில்லை. மௌனமும் முடிந்தது. இரண்டாம் சுற்றைத் தொடங்கச் சொன்னேன்.

சலவைப் பிரிவு அக்காதான் பேசினார்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் மேடம். மெஷின்ல துணி கிடக்கு. போகலாமா?"

போகலாம் என்றேன். நாற்காலிகளை அவர்களே அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.