வாமதேவன் பெரியப்பா காலமான பெப்ரவரி

ஜனவரி 14, 2025

பொங்கல் பொங்கி வழிகிற நேரம் பார்த்து றூபினி போன் எடுத்தாள். சித்தியின் மகள், எனக்கு ஒரே தங்கை மாதிரி. லண்டன் ஹரோவில் வாங்கின வீட்டின் திறப்புக்கொத்து கைக்கு வந்துவிட்டதாம். பெப்ரவரி 10 புதுவீட்டுக் குடிபூரல். "அக்கா, நீங்களும் அத்தானும்தான் முன்னுக்கு நிக்கவேணும்."

அன்றைக்கு நானும் இவரும் குவாத்தமாலாக் காட்டில் நிற்போம்! டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆற்றுக் குளங்கள், மாயன் கோயில்கள், நாங்கள் இரண்டு பேர். கலியாணம் கட்டின நாளிலிருந்து இதுதான் முதல்தரம்.

"உண்மையைச் சொல்லுமன்" என்கிறார் இவர். சொன்னால் அவள் கோபிக்கமாட்டாள். குடிபூரலைத் தள்ளி வைத்துவிட்டுத் தானும் வருவாள். வேல்ஸ் மறந்துபோச்சா? அருவி பார்க்க இரண்டு பேராய் வெளிக்கிட்டு, மூன்று வான் நிறையச் சொந்தக்காரரும் ஒரு ரைஸ் குக்கருமாய்ப் போய்ச் சேர்ந்தோம். ஆம்பிளையள் ஒரு அறை, பொம்பிளையள் ஒரு அறை.

ஜனவரி 21

செத்தவீட்டுத் துடக்குக்காரர் குடிபூரலுக்குப் போக ஏலாது. ஒருவரும் குறை சொல்லவும் ஏலாது. ஆனால் யார் சாகிறது? உயிரோடு இருக்கிறவரைச் சொன்னால் பாவம். ஆகவே இவருடைய பக்கத்தில் ஒருவரை உண்டாக்கினேன். வாமதேவன் பெரியப்பா, கனடா. கலியாணம் கட்டாதவர் — விசாரிக்கப் பிள்ளைகுட்டி இல்லை.

ஜனவரி 28

பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அவர் சுகப்படவேணும் என்று றூபினி பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாளாம். இது என்ன கரைச்சல்! மனுசன் தப்பிவிடக்கூடாதே.

பெப்ரவரி 3

இன்று காலை பெரியப்பா காலமானார்.

பின்னேரம் றூபினி மரக்கறிச் சாப்பாட்டோடு வாசலில். அடுப்பில் மீன்குழம்பு! பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சமைக்கிறாள் என்றேன். செத்தவீட்டுக்குக் கனடா போகிறோம் என்றும் சொன்னேன். றூபினி என் கையைப் பிடித்து அழுதாள். "நீங்கள் இல்லாமல் என்ன குடிபூரல், அக்கா?" எனக்கு நெஞ்சு உருகிப்போனது. சொல்லிவிட வாயெடுத்தேன். ரைஸ் குக்கர் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

பெப்ரவரி 8

குவாத்தமாலா. படிபடியாய்க் குளங்கள். பச்சைத் தண்ணீர். லண்டனில், எங்கள் கோலியர்ஸ் வுட்டில், குப்பை போடவே கொலர் வைத்த சட்டையோடு போகிற மனுசன், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார்.

"இஞ்சாரும், வாரும்! ஆழமில்லை."

ஆழம்தான். பொய்யன். ஆனால் என் கையை விடவேயில்லை. மீன்குஞ்சுகள் காலைக் கடிக்க நான் கத்தினேன், இவர் சிரித்தார். சந்தோசமாக இருக்கிறேன். வேறென்ன எழுத?

பெப்ரவரி 10

விடியற்காலை, மாயன் கோபுரத்தடி. குடிபூரல் முடிந்த கையோடு றூபினி போன். எடுத்ததும் மரத்துக் குரங்குகள் தொடங்கின — அது குரங்குச் சத்தமே இல்லை, பத்துச் செத்தவீட்டுச் சத்தம்.

"ஐயோ அக்கா, ஆர் அங்கை இப்பிடிக் குழறுகினம்?"

"மாமி" என்றேன். "பெரியப்பாவின்ரை தங்கச்சி."

"பாவம், தண்ணி குடுங்கோ அவவுக்கு."

இவர் கல்லுப்படியில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு விக்கினார். "அத்தானும் அழுகிறார் போல" என்று அவளும் அழுதாள்.

பெப்ரவரி 17

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். கடவுளே! பெப்ரவரியில் கனடாவுக்குச் செத்தவீட்டுக்குப் போனவர்கள் இப்படியா கறுத்துப்போய் வருவார்கள்? இவருக்கு மூக்குத் தோல் உரிகிறது. மணிக்கூடு கட்டின இடம் மட்டும் பழைய நிறம். எல்லாவற்றையும் யோசித்த நான் வெயிலை யோசிக்கவில்லையே!

றூபினியிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாளைக்கு?

மார்ச் 5

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அவள் மறப்பாளா? வடையோடு வந்துவிட்டாள். இவருடைய கையைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள்.

"கனடாவிலை நல்ல வெயில் போல."

"ஓம், சினோப் பனியிலை பட்டுத் தெறிக்கிற வெயில்" என்றார் இவர்.

"ஓம் அத்தான். கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வாங்கோ."

மனுசன் என்னை விட்டுவிட்டு ஓடியே போனார். சரி, முடிந்தது. இனி இவள் என்னோடு கதைக்கப் போவதில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு. அவள் கதிரையைக் கிட்ட இழுத்தாள்.

"அக்கா, எங்கடை அவரின்ரை பக்கத்திலையும் ஒரு பெரியப்பா இருக்கிறார்."

"ஆர்?"

"இன்னும் பேர் வைக்கேல்லை. ஒக்டோபரிலை செத்துப்போறார். நானும் எங்கடை அவரும் மட்டும் எங்கையாவது... ரைஸ் குக்கர் இல்லாமல்."

தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேர் வைத்தோம். சண்முகராசா. நல்ல மனுசன், பாவம்.

"அவரும் கனடாவோ?" என்று கேட்டாள்.

"விசரி" என்றேன். "அவுஸ்திரேலியாவிலை சாகட்டும். அங்கைதான் வெயில்."