மார்லெனியோடு விளக்கு பார்க்கப் போனது

டிசம்பர் 3

மார்லெனி போன் செய்தாள். இந்த ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் முறை. பேக்கரியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்தேன், கையெல்லாம் மாவு. யாரென்று பார்க்காமல் எடுத்துவிட்டேன். பார்த்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

ஆர்னுல்ஃபோவின் நுரையீரல் இனித் தேறாதாம். டாக்டர் கைவிரித்துவிட்டாராம்.

"தாவரவியல் பூங்காவுல கிறிஸ்துமஸ் விளக்கு போட்டிருக்காங்களே, அதைப் பாக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார், டோன்யா எடில்மா. நீங்களும் யூலியெத்தும் வரணுமாம். எல்லாரும் ஒண்ணாப் போகணுமாம்."

'டோன்யா' என்று மரியாதை வேறு. எல்லாருமாம்! என் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனவளும் நானும் எப்போது 'எல்லாரும்' ஆனோம்?

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு சட்டி புனுவேலோ உருண்டை கருகிப்போனது. முதலாளியிடம் திட்டு.

டிசம்பர் 4

மகள் யூலியெத்திடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "நான் போறேன்மா. ஆனா அந்தப் பொம்பள பக்கத்துல நிக்க மாட்டேன்" என்றாள். இருபத்தேழு வயது. குரல் மட்டும் அன்றைய பதினெட்டு வயதுக் குரல்.

சட்டப்படி நான் இன்னும் அவன் மனைவிதான். விவாகரத்துக்கு அவனும் அலையவில்லை, நானும் அலையவில்லை. ஏன்? வீம்புதான். வேறென்ன.

டிசம்பர் 7

மெழுகுவர்த்தி நாள். வாசலில் ஏற்றினோம். ஒரே காற்று, ஒன்றும் நிற்கவில்லை. வருகிறோம் என்று மார்லெனிக்குச் செய்தி அனுப்பினேன்.

டிசம்பர் 10

போய் வந்தோம்.

பூங்கா வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அடையாளம் தெரியவில்லை. இந்த மெத்தெயின் நகரத்தில் பாதித் தெருவுக்குச் சுமை தூக்கிய தோள், சட்டைக்குள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மூக்கில் குழாய், நாற்காலிக்குப் பின்னால் ஆக்சிஜன் உருளை. அவன் தொப்பியை நேராக்கியபடி மார்லெனி. இவ்வளவு குள்ளமா இவள்? என் மனதில் உயரமாக அல்லவா வைத்திருந்தேன்.

உள்ளே மரத்துக்கு மரம் நீல விளக்கு, வேரிலிருந்து கிளை வரை சுற்றி. குளத்துக்கு மேல் வெளிச்சத்தில் செய்த தேன்சிட்டுகள், தண்ணீருக்குள் அவையே தலைகீழாக. குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். யூலியெத் பத்தடி முன்னால் நடந்தாள். மேட்டுப்பாதையில் நாற்காலி ஏறவில்லை. மார்லெனி ஒரு கைப்பிடி, நான் ஒரு கைப்பிடி. எங்கள் தோள்கள் இடித்துக்கொண்டன.

ஒரு மரத்தில், விளக்குச் சரங்களுக்கு நடுவே நிஜமான பச்சை ஓணான் ஒன்று அப்பிக்கொண்டிருந்தது.

"பாவம், இந்த வெளிச்சத்துல அது எங்க தூங்கும்" என்றான்.

மார்லெனி அவித்த சோளம் வாங்கப் போனாள். அதற்காகவே காத்திருந்தவன் போல, மூச்சு வாங்கி வாங்கி, "எடி, ஒண்ணு கேக்கணும். இருபத்து நாலாந்தேதி ராத்திரிக்கு அவள உன் வீட்டுக்குக் கூப்பிடு. நான் இருக்க மாட்டேன். இந்த ஊர்ல அவளுக்கு நாதியில்ல" என்றான்.

"இதக் கேக்கத்தான் விளக்கு விளக்குன்னு இழுத்துட்டு வந்தியா?"

"விளக்கும் பாக்கணும்னுதான்."

"நீ விட்டுட்டுப் போன வருஷம் நானும் உன் மகளும் இருபத்து நாலாந்தேதி என்ன சாப்பிட்டோம்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல."

"அப்ப என்னையும் கேக்காத. முடியாது."

தலையாட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். சோளத்தோடு வந்த மார்லெனி எங்கள் முகங்களைப் பார்த்தாள். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, ஓணானப் பாத்துட்டிருக்கோம்" என்றான் ஆர்னுல்ஃபோ.

டிசம்பர் 11

சாகக் கிடக்கும்போதும் அவளைப் பற்றித்தானா கவலை? எனக்கென்று ஒரு வார்த்தை கிடையாதா? ஒரு 'எப்படி இருக்க' கூடவா வராது அந்த வாயில்?

டிசம்பர் 16

கிறிஸ்துமஸ் நவநாள் ஜெபம் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் பாடுகிறார்கள். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக யூலியெத் சொன்னாள். நான் போகவில்லை.

டிசம்பர் 19

நேற்று விடியற்காலையில் போய்விட்டான்.

இறுதிச்சடங்கு மண்டபத்தில் வந்தவர்களுக்கு யார் கையைப் பிடித்து அழுவதென்று தெரியவில்லை. பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள், பாதிப் பேர் அவளிடம். சிலர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நேராகக் காப்பிக்குப் போனார்கள்.

தகனம் முடிந்ததும் மண்டபத்து ஊழியர் சாம்பல் பெட்டியோடு வெளியே வந்தார். "இறந்தவரோட மனைவி யாரு?" என்று கேட்டார்.

மார்லெனி எழுந்திருக்கவில்லை. பாதி எழுந்தவள் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மண்டபமே என்னைப் பார்த்தது. என் கைப்பையில் கல்யாணச் சான்றிதழ் இருந்தது. ஆம், எடுத்துப் போயிருந்தேன். எதற்கு எடுத்துப் போனேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"அவங்கதான்" என்று கையைக் காட்டினேன்.

ஏன் சொன்னேன்? தெரியல. சத்தியமாத் தெரியல. அவள் பெட்டியை வாங்கியபோது அது அவ்வளவு கனமென்று எதிர்பார்க்கவில்லை போல, கை இறங்கிவிட்டது. யூலியெத் என்னை முறைத்தாள்.

டிசம்பர் 24

மத்தியானம் அவளுக்கு போன் செய்தேன். "ராத்திரி வா. நாத்தியாப் பால்களி நிறையக் கிண்டிட்டேன், மீந்துடும்" என்றேன். அவன் கேட்டதற்காக இல்லை. அதையும் சொன்னேன்.

வந்தாள். கையில் ஒரு துணிப்பை. கதவைத் திறந்தது யூலியெத்.

"மன்னிச்சுக்கோம்மா. இன்னிக்கு அவரத் தனியா விட்டுட்டு வர மனசு வரல" என்றாள் மார்லெனி.

யூலியெத் அந்தப் பையைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டுபோய், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில், வைக்கோல் மாடுகளை நகர்த்தி இடம் பண்ணி வைத்தாள். வைத்த பிறகுதான் அழுதாள். ஒன்பது வருஷமாக அழாத அழுகை.

சாப்பிடும்போது மார்லெனி, "உங்ககிட்டயும் சூப்புல உப்பில்லன்னு சொல்வாரா?" என்று கேட்டாள்.

"ருசி பாக்காமலே சொல்வான்!"

"ருசி பாக்காமலே!" என்று அவளும் மேசையைத் தட்டினாள். அதன்பின் குறட்டை, கடன் கொடுத்து ஏமாந்தது, பஸ்ஸில் ஏறியதும் யார் தோளிலாவது தூங்கிவிடுவது – ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது. யூலியெத் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஜனவரி 9

மார்லெனி போய்விட்டாள். இஸ்த்மினாவில் அண்ணன் வீடு இருக்கிறதாம், அங்கே ஆற்றங்கரையில் ஒரு கடை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். சாம்பல் பெட்டியை மேலே கட்டக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு உள்ளிருந்து ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. சரி சரி என்று தலையாட்டினேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவனும் அவளும் கிளம்பிப் போனதை நான் பார்க்கவில்லை. வேலைக்குப் போயிருந்தேன். இன்று நின்று பார்த்தேன். பஸ் திரும்பி மறையும் வரை.

வீட்டுக்கு வந்து சூப் வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. என்னோடு சேர்ந்து அவனைத் திட்ட இந்த ஊரில் இனி ஆள் இல்லை.