ஒன்பது ‘ஆமா’

என் பிரியமானவனுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். இங்கே நம்ம ஊர் டி மொய்னில் பனி இன்னும் உருகவில்லை.

ஞாயிறன்று போனில், “எப்போ வர்றே?” என்று கேட்டேன். “ஆமா, செம கூட்டம்” என்றாய். நீ கச்சேரிப் பயணம் போனதிலிருந்து நான் கேட்ட ஒன்பது கேள்விக்கும் ‘ஆமா’தான் பதில் என்று நோட்டில் குறித்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீயும் உன் கூட்டாளிகளும் வேனில் படுத்துறங்கி ஊர் ஊராக மெட்டல் இசை வாசித்தபோதும், பெரிய அரங்கங்கள் நிரம்பியபோதும், பாடகன் விலகி இசைக்குழு உடைந்தபோதும் நான் எதுவும் கேட்டதில்லை. பதினோரு வருஷம் கழித்து குழு மறுபடி சேர்ந்தபோது டிரம் குச்சிகளை நானே உன் பெட்டியில் வைத்தேன். காது டாக்டரின் கடிதத்தை நீ காரில் ஒளித்தது தெரிந்தும் வைத்தேன். உன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

நேற்று உங்கள் கிட்டார்காரன் டுவைட் போன் செய்தான். “உன் புருஷன் கில்லாடி. நாங்க வாசிக்கிறது அவனுக்குக் கேக்கவே இல்ல, மேடை அதிர்றதை வச்சே தாளம் தப்பாம அடிக்கிறான்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சபையில் என்னைத் தனியாகப் பாடக் கேட்டார்கள். “என் வீட்டுக்காரர் முன் பெஞ்சுல உக்கார்ற அன்னைக்குப் பாடுறேன்” என்று சொல்லிவிட்டேன். அது எந்த ஞாயிறு என்று எழுது. என் குரல் உனக்குக் கேட்கும்போதே பாடிவிட வேண்டும்.

ஜெபத்தோடு,
உன் மனைவி